ஆட்டோகிராஸில் (கோன் வைத்த தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) என் ஸ்போர்ட்ஸ் காரின் வால் வீசுகிறது. சஸ்பென்ஷனில் எதை, எந்த வரிசையில் மாற்றினால் இந்த ஓவர்ஸ்டியர் (பின்பக்கம் பிடி இழந்து வெளியே வழுக்குவது) குறையும்?

உங்களிடம் இருப்பது பின்சக்கர இயக்கம் கொண்ட இரண்டு இருக்கைக் கார், உயரம் மாற்றக்கூடிய கோயில்ஓவர் (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த அமைப்பு), துளைகள் உள்ள பின் ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), இறுக்கம் மாற்றக்கூடிய டேம்பர் (ஷாக் அப்சார்பர்). தேவையான எல்லாமே கையில் இருக்கிறது. ஸ்பேனரைத் தொடும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: வால் எப்போது போகிறது? பிரேக்கோடு வளைவுக்குள் நுழையும்போதா, வளைவின் நடுவில் சீராகப் போகும்போதா, ஆக்ஸிலரேட்டரை மிதித்து வெளியேறும்போதா, இல்லை ஸ்லாலத்தில் (வரிசையாக நிற்கும் கோன்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட்டும் பகுதி) மூன்றாவது நான்காவது கோனிலா? நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஒரு வீடியோவில் கால் அசைவும் ஸ்டியரிங்கும் தெரியும்படி எடுத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடும் பழக்கம் இருந்தால் எடை முன்னால் பாய்ந்து பின் டயர் லேசாகிவிடும். அதை எந்த நட்டும் சரிசெய்யாது.

இன்னொன்று. முன் பிடியைக் குறைத்துச் சமநிலை கொண்டுவருவது சுலபம்; முன் டயரில் காற்றை ஏற்றினாலே வால் அடங்கிவிடும். ஆனால் காரின் மொத்தப் பிடி குறையும், நேரமும் கூடும். பின்பக்கம் இழந்த பிடியைத் திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில் டயர். நான்கும் ஒரே மாடல்தானா, பக்கச் சுவரில் உள்ள தேதி எண் என்ன என்று பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பின்னால் மட்டும் பழைய, இறுகிப்போன டயர் இருந்தால் மற்ற சரிசெய்தல் எல்லாம் வீண். பிறகு காற்றழுத்தம். டயர் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதைச் சுற்றி ட்ரெட்டிலிருந்து பக்கச் சுவர் வரை சாக்பீஸால் கோடு போட்டு ஒரு ரன் ஓட்டுங்கள். முக்கோணத்துக்கு மேலேயே சாக்பீஸ் அழியாமல் நின்றால் காற்று அதிகம். பின்னால் 2 பி.எஸ்.ஐ. இறக்கலாம். முக்கோணத்தையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்றை ஏற்ற வேண்டும் அல்லது நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பது) போதவில்லை. காற்றை இறக்கினால் பிடி கூடிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். ஓர் எல்லைக்குக் கீழே பின்பக்கம் கொழகொழவென்று ஆகி, ஸ்டியரிங் திருப்பியபின் தாமதமாக வந்து உதைக்கும். ரன் முடிந்த கையோடு சூட்டிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ரன்னுக்குள் டயர் ஆறிவிடும்.

அடுத்து, பலரும் பார்க்காமல் விடுவது: பம்ப் ஸ்டாப், அதாவது சஸ்பென்ஷன் முழுக்க அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை. காரைத் தாழ்த்தியிருந்தால் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். வளைவின் நடுவில் வெளிப்பக்கப் பின் டேம்பர் பம்ப் ஸ்டாப்பில் முட்டினால், அந்தச் சக்கரத்தின் கடினம் அந்த நொடியில் பல மடங்கு ஏறுகிறது. எச்சரிக்கையே இல்லாமல் வால் பறக்கும். கண்டுபிடிக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் ஜிப் டை போதும். டேம்பர் தண்டில் அதை இறுக்கமாக, ஆனால் கையால் தள்ளினால் நகரும்படி கட்டி, டேம்பர் உடலின் சீல் வரை கீழே தள்ளிவிடுங்கள். ரன் முடிந்ததும் அது எவ்வளவு தூரம் மேலே ஏறி நிற்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்போடு ஒட்டி நின்றால் திருடன் அகப்பட்டான். (தண்டு உள்ளே மறைந்திருக்கும் தலைகீழ் டேம்பரில் இந்த வழி நடக்காது.) சரிசெய்ய, பின்பக்கத்தை 5 முதல் 10 மி.மீ. உயர்த்துங்கள். பின்னால் மட்டும் உயர்த்தினால் பின் ரோல் சென்டர் (வளைவில் காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) ஏறி ஓவர்ஸ்டியர் பக்கம் கொஞ்சம் சாயும் என்பதால் முன்னாலும் அதே அளவு உயர்த்துவது நல்லது. பம்ப் ஸ்டாப்பை வெட்டலாம் என்பவர்கள் உண்டு. வெட்டும் முன், சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினால் டயர் ஃபெண்டரில் உரசுமா, டேம்பர் உள்ளே அடிபடுமா என்று ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.

வளைவின் நடுவில் வால் போனால் ஆன்டி-ரோல் பார்தான் நேரடி மருந்து. பின்பக்கம் இறுக்கமாக இருந்தால் வளைவில் உள் டயரிலிருந்து வெளி டயருக்குப் போகும் எடையில் பெரும்பங்கு பின் அச்சிலேயே நடக்கும். வெளி டயருக்குக் கூடும் பிடி, உள் டயர் இழக்கும் பிடியை ஈடுகட்டாது. பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க்கை பாரின் நுனியை ஒட்டிய துளைக்கு மாற்றினால் நெம்புகோல் நீளமாகி பார் மென்மையாகும். போதாவிட்டால் மெல்லிய பார். கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறுவதால் 16 மி.மீ.-யிலிருந்து 14 மி.மீ.-க்கு வந்தாலே சுமார் 40 சதவீதம் குறைந்துவிடும். வெளியேறும்போது உள் பின்சக்கரம் சுழன்று வால் போகிறதென்றால், ஒரு லிங்க்கைக் கழற்றிக் கட்டிவைத்துவிட்டு ஒரு ரன் ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, பதில் தெளிவாகக் கிடைக்கும். திரும்ப மாட்டும்போது கார் தரையில், ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். லிங்க் போல்ட் தள்ளாமல் இழுக்காமல் தானே நுழைய வேண்டும். வலிந்து மாட்டினால் பாரில் முறுக்கம் ஏறி, இடப்பக்கம் ஒரு குணம், வலப்பக்கம் வேறொரு குணம் என்று கார் நடந்துகொள்ளும்.

நுழையும்போது வால் போனால் பின் டோவைப் பாருங்கள்: மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்புறம் உள்ளே திரும்பியிருப்பது டோ-இன், வெளியே திரும்பியிருப்பது டோ-அவுட். மொத்தம் 2 முதல் 3 மி.மீ. டோ-இன் நல்ல தொடக்கம். பூஜ்யம் அல்லது டோ-அவுட்டில் இருந்தால் பிரேக் பிடித்ததும் பின்பக்கம் தானாகத் திரும்பப் பார்க்கும். சஸ்பென்ஷன் மூட்டில் தேய்ந்த புஷ்ஷும் இதையே செய்யும்: நிற்கும்போது அளவு சரியாக இருக்கும், சுமை வந்ததும் டோ மாறும். கடப்பாறையால் சஸ்பென்ஷன் ஆர்மை நெம்பிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும், ஆகவே கேம்பர் முதலில், டோ கடைசியில்.

டேம்பர் நிலைமாற்றத்துக்கு மட்டும்தான். நீண்ட வளைவின் நடுவில் அது செய்வது மிகக் குறைவு. நுழைவில் வால் போனால் பின் ரீபவுண்டை (டேம்பர் நீளும்போது வரும் எதிர்ப்பு) இரண்டு கிளிக் தளர்த்துங்கள். வெளியேறும்போது போனால் பின் கம்ப்ரஷனை (அமுங்கும்போது வரும் எதிர்ப்பு) தளர்த்துங்கள். முழு இறுக்கத்திலிருந்து எண்ணி எழுதிவையுங்கள், முட்டும் இடத்தில் பலம் கொடுக்க வேண்டாம். ஸ்லாலத்தில் மட்டும் கவனம் தேவை. ஸ்டியரிங்கைத் திருப்பியபின்னும் பின்பக்கம் ஆடிக்கொண்டே இருந்தால் டேம்பர் ஏற்கெனவே தளர்வு. அங்கே இறுக்கினால்தான் வால் அடங்கும்.

ஸ்பிரிங் கடைசி. பின்னால் 1 கி.கி./மி.மீ. குறைத்துப் பாருங்கள். சக்கரத்தில் உணரும் கடினம் என்பது ஸ்பிரிங்கின் கடினத்தை மோஷன் ரேஷியோவின் (சக்கரம் நகரும் தூரத்தில் ஸ்பிரிங் எவ்வளவு பங்கு அமுங்குகிறது என்ற விகிதம்) வர்க்கத்தால் பெருக்கியது: 6 கி.கி./மி.மீ. ஸ்பிரிங், ரேஷியோ 0.7 என்றால் சக்கரத்தில் 2.94-தான். மாற்றியபின் உயரம், டோ, பின் ரீபவுண்ட், ஜிப் டை எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் மென்மையான ஸ்பிரிங் அதிகம் அமுங்கி மறுபடி பம்ப் ஸ்டாப்பில் முட்டலாம். வாங்கும் முன் உங்கள் பிரிவின் விதியையும் படியுங்கள். அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) நடத்தும் சோலோ என்ற ஆட்டோகிராஸ் போட்டியின் ஸ்ட்ரீட் பிரிவில் ஸ்பிரிங் மாற்ற அனுமதி இல்லை.

ஒரு ரன்னுக்கு ஒரு மாற்றம்தான். அது உதவவில்லை என்றால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். ஆட்டோகிராஸில் ஒரு நாளில் கிடைக்கும் ரன்கள் குறைவு என்பதால் காற்றழுத்தம், பார் துளை, டேம்பர் கிளிக் மூன்றும் களத்தில். டோ, உயரம், ஸ்பிரிங் மூன்றும் வீட்டில்.