பூசணம் பிடித்த குளியலறை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மழைக்காலம் வந்தால் எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதி குளியலறையைப் பற்றியவை. பெரும்பாலானவர்கள் கேட்பது ‘எதைத் தேய்த்தால் போகும்?’ என்றுதான். அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் தேய்த்தால் அடுத்த மாதமும் தேய்க்க வேண்டியிருக்கும்.

கே: அடுக்குமாடியில் இரண்டாவது தளத்தில் இருக்கிறோம். குளியலறை மேல்தளத்தில் (சீலிங்) மிளகைத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு வருஷமும் பெயின்ட் அடிக்கிறோம், இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிடுகிறது. மேல்வீட்டுக் கசிவு என்கிறார் என் கணவர். அவர்களோ இல்லை என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?
வேளச்சேரி வாசகி

ப: மேல்வீட்டாரோடு மனத்தாங்கல் வருவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். புள்ளி உள்ள இடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை அங்கே வைத்து, நான்கு ஓரங்களையும் காற்று புகாமல் டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க வழக்கம்போல் குளியுங்கள். மறுநாள் தாளின் உட்புறம், அதாவது கான்கிரீட்டைப் பார்த்த பக்கம், நீர் முத்துகள் இருந்தால் ஈரம் மேலிருந்து இறங்குகிறது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது உங்கள் வெந்நீர் ஆவி.

பார்வையிலும் வித்தியாசம் தெரியும். கசிவு என்றால் ஓரிடத்தில், பெரும்பாலும் மேல்வீட்டு வடிகாலுக்கு நேர் கீழே, மஞ்சள் பழுப்பு வளையத்தோடு தொடங்கும். ஆவி என்றால் மேல்தளம் முழுக்கப் பரவலாக, மூலைகளில் அடர்த்தியாக இருக்கும். நீங்கள் மிளகைத் தூவினாற்போல் என்று எழுதியிருப்பதால் ஆவி என்றே தோன்றுகிறது. இருந்தாலும் சோதனையைச் செய்துவிடுங்கள்.

பெயின்ட் ஏன் நிற்கவில்லை என்றால், பூசணத்தின் மேலேயே அடித்திருப்பார்கள். பூசணத்தின் வேர் போன்ற இழைகள் பழைய பெயின்டுக்குள்ளும் அதன் அடியில் பூசிய பட்டிக்குள்ளும் (புட்டி) ஊடுருவியிருக்கும். மேலே புதுப் பூச்சு வந்ததும் அவை சாவதில்லை. முதலில் பட்டி வரை சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டும்போது தூள் பறக்காமல் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி வீட்டு பிளீச் கலந்து, ஸ்பாஞ்சால் ஒற்றி, 10 நிமிடம் விட்டுத் துடைத்துவிடுங்கள். தலைக்கு மேல் இருக்கும் இடத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள், கண்ணில் விழும். அதன்பின் ஒரு வாரமாவது நன்றாகக் காய வேண்டும். அவசரத்தில் எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

மேலே அடிக்க டிஸ்டெம்பர் வேண்டாம். ஈரம் பட்டதும் அது தளர்ந்துவிடும். பூசணத்தடுப்பு எமல்ஷன் நல்லது. செலவு அதிகம் என்றால் நம் பழைய சுண்ணாம்பையே அடிக்கலாம். காரத்தன்மை அதிகம் உள்ளதால் அதன்மேல் பூசணம் எளிதில் வளராது. காற்றுப் பட்டுப்பட்டு அந்தக் காரம் மெல்லக் குறையும் என்பதால் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வழக்கம் இந்த விஷயத்தில் மிகச் சரியானது.

கே: ஐந்துக்கு எட்டு அடிக் குளியலறை. ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது. அரை மணி நேரம் ஓடினாலும் கண்ணாடியில் ஆவி போவதில்லை. பெரிய ஃபேன் போட வேண்டுமா?
கோவை வாசகர்

ப: வேண்டாம். ஒன்பது அடி உயரம் என்று வைத்தால் உங்கள் அறையில் இருப்பது 360 கன அடி, ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று. ஆறு அங்குல ஃபேன் தடையில்லாமல் ஓடினால் மணிக்கு 200 கன மீட்டருக்கு மேல் தள்ளும். மூன்றே நிமிடத்தில் அறைக் காற்று ஒரு முறை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால், வெளியே தள்ளுவதற்கு உள்ளே காற்று வரவில்லை என்று பொருள்.

ஃபேன் துளையின் பரப்பு சுமார் 175 சதுர சென்டிமீட்டர். கிட்டத்தட்ட அதே அளவு வழி காற்று நுழையவும் வேண்டும். 75 சென்டிமீட்டர் அகலக் கதவின் அடியில் 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் 150 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். நம் வீடுகளில் தண்ணீர் வெளியே வராமலிருக்கப் படி வைத்து, கதவை அதில் ஒட்ட இறக்கிவிடுகிறோம். காற்றுக்கு வழியே இல்லை. பிவிசி கதவானால் கீழ்ப்பகுதியில் சாய்ந்த பட்டைகள் வைத்த காற்றுத் துளைத் தட்டு ஒன்றைப் பொருத்திவிடலாம். இல்லையென்றால் குளித்து முடித்ததும் கதவை நான்கு விரல் அளவு திறந்து வைத்து ஃபேனை 20 முதல் 30 நிமிடம் ஓடவிடுங்கள்.

இன்னொரு தவறு, ஃபேனுக்கு அருகிலேயே லூவர் ஜன்னலைத் திறந்து வைப்பது. ஜன்னல் வழியே வந்த காற்று அப்படியே ஃபேன் வழியே போய்விடும். ஷவர் மூலையில் ஆவி அசையாமல் நிற்கும். ஃபேன் ஓடும்போது அந்த ஜன்னலை மூடி, கதவுப் பக்கமிருந்து காற்று வரச் செய்யுங்கள். ஃபேனின் வெளி மூடிப் பட்டைகள் தூசியும் ஒட்டடையும் பிடித்துத் திறக்காமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சுத்தம் செய்யுமுன் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.

மழை நாளில் வெளிக் காற்றே ஈரமாயிற்றே, ஃபேன் போட்டு என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. பயன் இருக்கிறது. வெந்நீர்க் குளியலுக்குப் பின் 30 டிகிரியில் இருக்கும் காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் வரை நீராவியை வைத்திருக்கும். மழை நாளில் 25 டிகிரியில் இருக்கும் வெளிக் காற்றில் அதிகபட்சம் 23 கிராம்தான். ஆகவே மழை நாளிலும் மாற்றுவது லாபம்தான்.

கே: டைல்ஸ் இடுக்குகள் கறுத்துவிட்டன. வேலைக்கு வரும் அம்மா ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கிறது. பிறகு முன்பைவிட மோசம். பிளீச்சையும் சேர்த்து ஊற்றலாமா?
மதுரை வாசகி

ப: கூடவே கூடாது. ஆசிடும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த சிறிய அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிரும் போகலாம். கழிப்பறைக் கோப்பை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் ஆசிட்தான் இருக்கிறது. ஒன்றை ஊற்றிய இடத்தில் இன்னொன்றை அதே நாளில் பயன்படுத்த வேண்டாம். இதை அந்த அம்மாவிடமும் தயவுசெய்து சொல்லுங்கள், மூச்சில் ஏற்றுக்கொள்பவர் அவர்தான்.

இடுக்கில் இருப்பது ஒயிட் சிமெண்ட். ஆசிட் அதை அரிக்கிறது. அரித்த இடத்தில் நுண்துளைகள் பெரிதாகி, சோப்பு அழுக்கும் தண்ணீரும் இன்னும் ஆழமாகத் தங்குகின்றன. அதனால்தான் முன்பைவிட மோசம். அது பூசணம்தானா என்பதற்கு ஒரு சொட்டு பிளீச் வைத்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூசணம். வெளுக்காவிட்டால் அழுக்கோ உப்புக் கறையோ.

அரிபட்ட இடுக்குகளுக்கு நிரந்தரத் தீர்வு எபாக்சி கிரவுட், அதாவது இடுக்கில் நிரப்பும் பிசின் வகைக் கலவை. பழைய சிமெண்டை டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்காவது சுரண்டி எடுத்து, தூசி தட்டி, முழுக்கக் காயவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். கலந்த எபாக்சி முக்கால் மணி நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் மேல் படிந்ததை உடனே துடைக்காவிட்டால் பிறகு போகாது. 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. வாஷ்பேசின் ஓரத்துச் சிலிக்கான் பசைக்குள் கறுப்பு இறங்கியிருந்தால் தேய்ப்பது வீண். பிளேடால் அறுத்தெடுத்துப் பூசணத்தடுப்பு சிலிக்கான் வைத்துவிடுங்கள்.

கே: குளியலறைக்குப் பின்புறம் உள்ள படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி வரை பெயின்ட் உப்பி, வெள்ளையாகப் பொடிந்து கொட்டுகிறது. ஓதம் தடுக்கும் பெயின்ட் அடித்தால் சரியாகும் என்கிறார் பெயின்டர்.
திருச்சி வாசகர்

ப: அந்த வெள்ளைப் பொடி பூசணமில்லை, உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் கரைந்துவிடும், பூசணம் கரையாது. சுவருக்குள் போகும் தண்ணீர் செங்கல்லிலும் கலவையிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, வெளிப்பக்கம் காயும்போது விட்டுவிட்டுப் போகிறது. இந்தப் பக்கம் பெயின்டால் அடைத்தால் ஈரம் இன்னும் உயரத்தில் போய் வெடிக்கும். பெயின்டரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். குளியலறைக்கான வால்வைத் திறந்தே வைத்து, ஐந்தாறு நாள் அங்கே யாரும் தண்ணீர் புழங்காதீர்கள். கோடு தாண்டி ஈரம் ஏறினால், அல்லது சற்றும் குறையாமல் கசகசவென்று இருந்தால், சுவருக்குள் போகும் குழாயில் கசிவு. விளிம்பு உலரத் தொடங்கினால் குழாயில் குற்றமில்லை, தரையோ வடிகாலோ காரணம். அடுத்து வடிகாலைத் துணியால் இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். ஈரம் பரவினால் டைல்ஸ் இடுக்கு. பரவாமல் இருந்து, அடைப்பை எடுத்து நாலைந்து வாளி ஊற்றியபின் பரவினால் நானி டிராப்பை, அதாவது தரை வடிகாலில் பதித்த பிளாஸ்டிக் கிண்ணத்தை, சுற்றியுள்ள இணைப்பு. நம் கட்டடங்களில் அடிக்கடி தோற்பது இந்த இணைப்புதான், பிளாஸ்டிக்கும் சிமெண்டும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டுவதில்லை.

டிராப் மட்டும் என்றால் சுற்றிலும் உடைத்துச் சரிசெய்தால் போதும். தரை முழுவதும் என்றால் டைல்ஸை எடுத்தே ஆக வேண்டும். மூலைகளில் கலவையை உருட்டிப் பூசி, இரு பொருள் கலந்த பாலிமர் வாட்டர் ப்ரூஃபிங்கை இரண்டு கோட் அடிக்க வேண்டும், முதல் கோட் நெடுக்கு என்றால் இரண்டாவது குறுக்கு. சுவரில் ஓரடி வரை, ஷவர் பக்கம் ஆறடி வரை. காய்ந்தபின் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். கொத்தனார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். எட்டடி நீளத்துக்கு ஓர் அங்குலம் வடிகாலை நோக்கிச் சரிவும் (வாட்டம்) இருக்கட்டும்.

படுக்கையறைப் பக்கம், பொடிந்த பூச்சை ஈர விளிம்பைத் தாண்டி ஓரடி வரை கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் காயக் காத்திருங்கள். டைல்ஸ் பக்கம் அடைபட்டிருப்பதால் ஒரே பக்கமாகத்தான் காயும், மாதங்கள்கூட ஆகலாம். பெயின்ட் அதற்குப் பிறகுதான்.

கே: கற்பூரம், அந்துருண்டை, கிண்ணத்தில் கல் உப்பு வைத்தால் பூசணம் வராதா?
தஞ்சாவூர் வாசகி

ப: வரும். முதல் இரண்டும் வாசனையை மறைக்கும், அவ்வளவுதான். கிண்ண உப்பு இழுக்கும் ஈரம் ஒரு குளியலின் ஆவிக்கு எந்த மூலைக்கு?

கே: வாடகை வீடு. ஃபேன் போட ஓட்டை போடக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். வேறு வழி?
ஈரோடு வாசகர்

ப: 150 ரூபாய் வைப்பர் ஒன்று வாங்குங்கள். கடைசியாகக் குளிப்பவர் முதலில் சுவரையும் பிறகு தரையையும் இழுத்துவிட வேண்டும், இரண்டு நிமிட வேலை. காய வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். ஈரத் துண்டு, ஈர மிதியடி, ஊறவைத்த துணி எதையும் உள்ளே விடாதீர்கள். வாளியைக் கவிழ்த்து வையுங்கள். வெந்நீரைப் பிடிக்கும்போது முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதன்மேல் வெந்நீரை விட்டால் ஆவி கிளம்புவது குறையும். குளித்தபின் கதவைத் திறந்து, அறையில் இருக்கும் டேபிள் ஃபேனைக் கதவுக்கு வெளியே உலர்ந்த இடத்தில் வைத்து ஜன்னலை நோக்கி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஃபேனை மட்டும் குளியலறைக்குள் கொண்டுபோக வேண்டாம், ஈரத் தரையில் மின்சாரம் ஆபத்து.