மேசைமேல் வைப்பதா, கிடப்பில் போடுவதா?

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன வாரம் அமெரிக்க வாடிக்கையாளரோடு ஒரு மீட்டிங். என் யோசனையைக் கேட்டுவிட்டு அவர் ‘லெட்ஸ் டேபிள் திஸ்’ என்றார். எடுத்துப் பேசச் சொல்கிறார் என்று நினைத்து, ஸ்லைடுகளைத் திறந்து மளமளவென்று விளக்க ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மேனேஜர் சாட்டில் ‘நிறுத்து’ என்று அனுப்பினார். பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம் படித்தவன். இனி ஆங்கில மரபுத்தொடர்களைச் சொல்லும் இடியம் புத்தகம் வாங்கிப் படிக்கட்டுமா?

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் புரிந்துகொண்டது தப்பில்லை, அது பிரிட்டிஷ் பொருள். நம் நாடாளுமன்றத்தில் அறிக்கையை ‘டேபிள்’ செய்தார்கள் என்றால் அவையில் வைத்தார்கள் என்றுதானே அர்த்தம்? அமெரிக்காவில் நேர் எதிர். கிடப்பில் போடுவது.

பெரிய தலைகளே இதில் மாட்டியிருக்கின்றன. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஓர் அவசரக் குறிப்பை ‘டேபிள்’ செய்ய விரும்பினார்கள். அமெரிக்க அதிகாரிகளுக்கோ அது டிராயரில் போட்டு மறந்துவிடும் வேலை. காரசாரமாக நெடுநேரம் மோதிய பிறகுதான், இரு தரப்பும் கேட்பது ஒன்றே என்று தெரிந்திருக்கிறது. சர்ச்சில் தன் போர் வரலாற்றின் மூன்றாம் பாகத்தில் இதை எழுதியிருக்கிறார்.

இடியம் புத்தகம் வேண்டாம். அதில் கனமழை என்றால் நாயும் பூனையுமாகப் பெய்துகொண்டிருக்கும். அதில் யாரும் ஏமாறுவதில்லை. கேட்டதுமே புரியவில்லை என்று தெரிந்துவிடும், தேடிப் பார்த்துக்கொள்வோம். காலை வாருவது நமக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள்தான். என் கட்டுரை ஒன்றை ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை ஆசிரியர் ‘க்வைட் குட்’ என்றார். வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் மெயிலில், பாதியை வெட்டுங்கள் என்றிருந்தது. ஆங்கிலேயர் வாயில் அது பெரும்பாலும் ‘ஏதோ, பரவாயில்லை’ ரகம். அமெரிக்கர் சொல்லியிருந்தால் ஸ்வீட் வாங்கியது நியாயம்தான்.

நாம் மட்டும் என்னவாம்? பெண் பார்த்துவிட்டு ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று எழுந்து போகிறவர்களை நம்பி, ஒரு வெளிநாட்டுக்காரர் இன்னும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அடுத்த முறை ‘இப்போதே பேசலாமா, பிறகா?’ என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்புறம், அந்த ஸ்லைடுகளை அழித்துவிடாதீர்கள். அமெரிக்க ஆபீஸ் பேச்சில் ‘டேபிள்’ என்றால் பெரும்பாலும் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான்.