காசநோய்ப் புரதக் குறிப்பான்: பிழை ஒப்பீட்டுக் குழுவில் இருக்கிறது

வணக்கம். சி.ஆர்.பி., எஸ்.ஏ.ஏ. என்ற இரண்டு இரத்தப் புரதங்கள் காசநோயாளிகளை ஆரோக்கியமானவர்களிடமிருந்து பளிச்சென்று பிரித்தன, ஆனால் இருமலோடு வந்தவர்களிடம் அதே சோதனை தடுமாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம், இந்தத் துறையில் பலரும் இடறிய இடம் இது.

இரண்டுமே கல்லீரல் சுரக்கும் அழற்சிப் புரதங்கள். நிமோனியா வந்தவருக்கும் அவை ஏறும். உடலில் அழற்சி மூண்டிருக்கிறது என்று சொல்லுமே தவிர, காரணம் காசநோய்தான் என்று சொல்லாது. ஆகவே ஒப்பீட்டுக் குழுவை மாற்றுங்கள். அதே அறிகுறிகளோடு வந்து, கிருமி வளர்ப்புச் சோதனையில் காசநோய் இல்லை என்று உறுதியானவர்களைச் சேருங்கள்.

இன்னொன்று, உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சளியை நுண்ணோக்கியில் பார்த்தே கிருமி தெரிந்தது? முற்றிய நோயில் இந்தப் புரதங்கள் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். நீங்கள் தேடுவது ஆரம்பக் கட்டம் அல்லவா? கிருமி கண்ணில் படாதவர்களின் முடிவுகளைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

நோயை உறுதி செய்ய முடியாவிட்டாலும் முதல் சல்லடையாக இது உதவலாம். அத்தகைய சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் 2014இல் வைத்த குறைந்தபட்ச இலக்கு 90% உணர்திறன் (நோய் உள்ளவர்களைச் சரியாகப் பிடிப்பது), 70% தனித்தன்மை (நோய் இல்லாதவர்களைச் சரியாக விலக்குவது). எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் காசநோயைச் சலித்தெடுக்க, லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சி.ஆர்.பி. அளவை 2021இல் அது பரிந்துரைத்தது.

கடைசியாக, மாதிரிகளைப் பற்றி ஒன்று: சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) வைக்கோல் நிறத்தில் இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும் குழாய்களை ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன.