தம்பியின் தவணையும் அக்காவின் அபராதமும்

கேள்வி: எனக்கு 41 வயது, பள்ளி ஆசிரியை. அப்பா இறந்தபின் தம்பியை நான்தான் படிக்க வைத்தேன். வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகளாகியும், வண்டித் தவணைக்கு முந்தைய இரவு "அக்கா, இந்த ஒரு தடவை மட்டும்" என்று அழைக்கிறான். நன்றாகத் திட்டிவிட்டு, பிறகு மனம் கேட்காமல், கேட்டதற்கு மேல் ஆயிரம் ரூபாய் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். சென்ற மாதம் மறுத்தேன். "உனக்குக் கல் நெஞ்சு" என்றான். அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் என்ன தவறு செய்தேன்?
– வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த ஆயிரம் ரூபாய் தம்பியின் தவணைக்கானதன்று, திட்டியதற்காக நீங்களே உங்களுக்கு விதித்துக்கொண்ட அபராதம்.

மனித உறவுகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் எரிக் பெர்னிடம் பயின்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டீபன் கார்ப்மேன், இத்தகைய உறவுகளை 1968-இல் ஒரு முக்கோணமாக விளக்கினார். காப்பாற்றுபவர், குற்றம் சாட்டுபவர், பாதிக்கப்பட்டவர் என்பவை அதன் மூன்று முனைகள். யாரும் ஒரே முனையில் நிற்பதில்லை என்பதே அவர் கண்டதன் சாரம். அவர் எடுத்துக்காட்டிய பழங்கதை ஒன்றில், எலிகளை விரட்டி ஊரைக் காத்த குழலூதி, பேசிய கூலி கிடைக்காமல் ஏமாந்து, இறுதியில் ஊர்ப் பிள்ளைகளையே கவர்ந்து செல்கிறான். நீங்களும் பணம் அனுப்பும்போது காப்பாற்றுபவர், திட்டும்போது குற்றம் சாட்டுபவர், அம்மா பேசாதிருந்த இரண்டு நாளும் பாதிக்கப்பட்டவர். கையேந்திய தம்பி, மறுத்ததும் குற்றம் சாட்டுகிறார். அம்மா அவரைக் காப்பாற்ற வருகிறார்.

உதவுவது தவறென்று நான் சொல்லமாட்டேன். தம்பியைப் படிக்க வைத்தது பெருஞ்செயல். ஆனால் மனமில்லாமல் செய்வதும், அவர் பங்கையும் சேர்த்து நாமே சுமப்பதும் உதவியாகாது. அவை கோபமாகவே திரும்பி வரும்.

ஆகவே, தவணை நாளுக்கு வெகு முன்பே, இருவரும் அமைதியாக இருக்கும் ஒரு மாலையில், "அடுத்த தவணைக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை, எவ்வளவு நேரமானாலும், நீங்கள் வழி சொல்லாமல் காத்திருங்கள். மூத்தவர்களுக்கு இதுதான் கடினமான பகுதி. கொடுப்பதென்றால், வருத்தமில்லாமல் கொடுக்கக்கூடிய தொகையை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒரு ரூபாயும் சேர்க்காதீர்கள். அவர் கோபப்படக்கூடும். அப்போது பழைய தியாகங்களை எடுத்துச் சொன்னால், மீண்டும் அதே முக்கோணத்துக்குள் நுழைந்துவிடுவீர்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில், அடிபடுகிறவரிடம் "நீயும் ஒரு வேடம் போடுகிறாய்" என்று சொல்ல இந்த விளக்கத்தை எவரும் பயன்படுத்தக் கூடாது. அங்கே தேவை பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181.

உங்கள் முடிவை அம்மாவிடம், தம்பி சொல்லித் தெரிந்துகொள்ளும் முன், நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள்.