அழிய மறுக்கும் வீடியோ ஃபைல்: பிடித்து வைத்திருப்பது எக்ஸ்ப்ளோரர்தான்

விற்கப் போகும் லேப்டாப்பில் ஒரு வீடியோ ஃபைல் மட்டும் அழிய மறுக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரை மூடிவிட்டு, டாஸ்க் மேனேஜரில் (ஓடும் புரோகிராம்களைக் காட்டும் கருவி) விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை, அதாவது ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் புரோகிராமை, ரீஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடி ஃபோல்டரைத் திறக்காமல், கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) அந்த இடத்துக்குப் போய் டெல் (del) கட்டளையால் அழித்துவிடுங்கள். ஃபைல் பெயரில் முதல் சில எழுத்தை அடித்து டேப் கீயைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். இப்படி அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. பெயரை ஒருமுறை சரிபாருங்கள்.

மூன்று தடவை கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தும் ‘வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது’ என்றே வருகிறது என்கிறீர்கள். அனேகமாகத் தம்ப்நெயில்தான் காரணம். ஃபோல்டரைத் திறந்ததும் சின்னப் படம் எடுக்க எக்ஸ்ப்ளோரரே வீடியோவைப் பிடித்துக்கொள்ளும். பாதியில் நின்றுபோன டவுன்லோடு என்றால் சில சமயம் பிடியை விடாது. அழிக்கப் போவதே அதைப் பூட்டிவிடுகிறது!

உறுதி செய்ய: விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டர் கருவியைத் திறந்து, சிபியூ டேபில், ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ தேடல் பெட்டியில் ஃபைல் பெயரில் ஒரு துண்டை அடியுங்கள். எந்த புரோகிராம் பிடித்திருக்கிறது என்று காட்டும். ஆன்டிவைரஸ் பெயர் வந்தால் கதை வேறு; ஸ்கேன் முடியும்வரை பொறுங்கள்.

லேப்டாப்பை விற்கப் போவதாகச் சொன்னீர்களே, அதற்கு இந்த டெலீட் போதாது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும், சரக்கு அங்கேயே கிடக்கும். ‘ரீசெட் திஸ் பிசி’யில் எல்லாவற்றையும் நீக்கு, கூடவே ‘கிளீன் டேட்டா’வையும் (பழைய தரவின்மேல் வேறு எழுதி மறைப்பது) ஆன் செய்யுங்கள். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்) என்றால் இப்படி மேலெழுதும் முறையை நம்ப வேண்டாம். டிஸ்க் தயாரிப்பாளரின் செக்யூர் இரேஸ் (முழுவதும் துடைத்தழிக்கும்) கருவிதான் சரி.