17-ஆவது கட்டம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கள் வாடிக்கையாளருக்கு எல்லாமே இன்னும் ஐபிஎம்மின் பழைய ஏஎஸ்/400 கணினியில்தான் ஓடுகிறது. அதிலுள்ள டேட்டாபேஸ் ஃபைல்கள், அவற்றின் கீகள் (ரெக்கார்டுகளை வரிசைப்படுத்தித் தேட உதவும் ஃபீல்டுகள்) எல்லாவற்றுக்கும் ஆவணம் கேட்கிறார்கள். பிசிகல் (தரவு இருக்கும் ஃபைல்), லாஜிகல் (அதே தரவை வேறு வரிசையிலோ, வேண்டியதை மட்டுமோ காட்டும் ஃபைல்) சேர்த்து ஆயிரத்துக்கு மேல். மூன்று வாரமாக ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்து எக்செலில் தட்டுகிறேன், முந்நூறுகூட முடியவில்லை. சுலபமான வழி உண்டா? நண்பர்கள் எல்லாரும் கிளவுட், ஏஐ என்று போய்விட்டார்கள். இந்தப் பழைய பச்சை எழுத்துத் திரையில் என் காலம் வீணாகிறதா?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை விடுங்கள். 1988 ஜூனில் வந்த பெட்டி, ஐசீரிஸ், சிஸ்டம் ஐ, ஐபிஎம் ஐ என்று பெயரை மாற்றி மாற்றி இன்னமும் பலருக்குச் சோறு போடுகிறது. உங்களுக்கும் போடும்.

ஆனால் மூன்று வாரம் கையால் தட்டினீர்களே, அதற்குத் திட்டாமல் விட முடியாது. அந்த இயந்திரத்தில் டேட்டாபேஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு ஃபைலும் தன் ஜாதகத்தைத் தானே வைத்திருக்கிறது. கேட்டால் கொடுக்கும். டிஎஸ்பிஎஃப்டி (DSPFD, ஃபைலின் விவரத்தைக் காட்டுவது) கமாண்டில் ஆக்சஸ் பாத் (கீ வரிசைப்படி ரெக்கார்டுகளை எட்டும் வழி) வகையைச் சொல்லி, லைப்ரரி (ஃபைல்களின் தொகுப்பு) முழுவதையும் ஓர் அவுட்ஃபைலுக்கு (விடை எழுதப்படும் ஃபைல்) அனுப்புங்கள். எந்த ஃபைலுக்கு எவை கீ, என்ன வரிசை, ஏறுமுகமா இறங்குமுகமா, எல்லாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வந்து விழும். ஃபீல்டுகளுக்கு டிஎஸ்பிஎஃப்எஃப்டி (DSPFFD). எந்த பிசிகல் மேல் எந்த லாஜிகல் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு டிஎஸ்பிடிபிஆர் (DSPDBR). யூனிக் (ஒரே மதிப்பு இரண்டு ரெக்கார்டில் வரக் கூடாது) என்று போடாத கீயை ப்ரைமரி கீ என்று எழுதிவைக்காதீர்கள். அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தியிருப்பேன். 'ஃபைல்கள், அவற்றின் கீகள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விட மாட்டேன் என்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படியொரு பட்டியல் போட்டவன்.

1997. வாகனக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனி. இரவு வேலைகள் விடியும்வரை இழுத்தன. ஒரு ரெக்கார்டு எழுதினால் அதன் மேலுள்ள அத்தனை லாஜிகல் ஃபைல்களின் ஆக்சஸ் பாத்தும் மாற வேண்டுமே. தேவையில்லாததைக் குறை என்றார்கள். கீகளை எல்லாம் அகலத் தாளில் அச்சிட்டு, ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தேன். கடன் மாஸ்டர் மேல் இரண்டு லாஜிகல்கள், இரண்டுக்கும் கீ ஒன்றே: கிளை எண், கணக்கு எண். டூப்ளிகேட்! நினைவூட்டல் கடிதம் அடிக்கும் புரோகிராமை முதல் ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, இரண்டாவதை அழித்தேன். மேலதிகாரி தோளில் தட்டினார்.

டிடிஎஸ் (ஃபைலின் அமைப்பை எழுதும் மொழி) சோர்ஸில், ஒவ்வொரு வரியிலும் 17-ஆவது கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கீ என்றால் அங்கே 'கே' என்ற எழுத்து. அதே கட்டத்தில் 'எஸ்' இருந்தால் செலக்ட், அதாவது எடுத்துக்கொள்; 'ஓ' இருந்தால் ஆமிட், அதாவது விட்டுவிடு. நான் அழித்த ஃபைலில், 'கே' வரிகளுக்குக் கீழே 'ஓ' வரி ஒன்று இருந்தது. ஸ்டேட்டஸ் 'டி' என்றால் விட்டுவிடு. 'டி' என்றால் கடன் வாங்கியவர் காலமாகிவிட்டார் என்று பொருள். என் பட்டியலில் கீ மட்டும்தானே இருந்தது?

அடுத்த மாதம் ஓர் அம்மா மஞ்சப்பையோடு வந்தார். செத்துப்போன கணவர் பெயருக்கு, தவணை பாக்கியை உடனே கட்டும்படி எங்கள் கடிதம். கத்தவில்லை. இறப்புச் சான்றிதழின் ஜெராக்ஸை எடுத்து கவுன்டரில் வைத்தார். "இது மூணாவது காப்பி தம்பி. இதையாவது தொலைச்சிடாதீங்க." தொலைந்தது காப்பி அல்ல என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன்.

அந்த ஃபைலை உருவாக்கியவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆப்ஜெக்டின் டெக்ஸ்டில் (ஃபைலோடு சேர்த்து வைக்கும் விளக்கம்) 50 எழுத்து இடம் இருக்கிறது. அதில் 'லோன் மாஸ்டர் லாஜிகல் 7' என்று போட்டிருந்தார் மகானுபாவர். ஏழு என்பதுதான் ஃபைல் பெயரிலேயே இருக்கிறதே! 'இறந்தவர்கள் நீங்கலாக' என்பதை ஆங்கிலத்தில் எழுத எத்தனை எழுத்து ஆகிவிடும்? சோர்ஸில் 7-ஆவது கட்டத்தில் ஒரு நட்சத்திரம் போட்டால் முழு வரியும் குறிப்பு எழுதத்தான். அதுவும் காலி. நீங்களும் இப்போது அதே காலிப் பட்டியலைத்தான், எக்செலில் அழகாகக் கட்டம் போட்டு, செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே டிஎஸ்பிஎஃப்டியை செலக்ட் வகையிலும் ஒருமுறை ஓட்டுங்கள். அதில் வரும் ஒவ்வொரு 'ஓ' வரிக்கும் எதிரே 'ஏன்' என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். அதை நிரப்ப கமாண்ட் கிடையாது. வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவில் தலை நரைத்த ஒருவர் இருப்பார். அவர் ஓய்வு பெறுவதற்குள் போன் போடுங்கள்.

தட்டிய முந்நூறையும் அழித்துவிடாதீர்கள். அவுட்ஃபைலோடு ஒப்பிட்டு, எத்தனை தப்பு என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். இருபதுக்குக் குறையாது என்பது என் பந்தயம்.