போஹோலுக்கு ஒரு டிக்கெட்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 39. விவாகரத்து ஆகி நான்கு வருடம். போன வருடம் டேட்டிங் ஆப் ஒன்றில் பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர் பழக்கமானார். போஹோல் தீவில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். வயது 34, ஒன்பது வயதில் ஒரு பையன். கணவரைப் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது என்கிறார். தினமும் வீடியோ காலில் பேசுகிறோம். பையனுக்கு டெங்கு வந்தபோது 12,000 ரூபாய் அனுப்பினேன். மற்றபடி அவ்வப்போது போன் ரீசார்ஜ், அவ்வளவுதான்.

நேரில் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கையில் இரண்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு நண்பன் 'எல்லாம் ஃபிராடு' என்கிறான். இன்னொருவன் 'நீ ஏன் அலைகிறாய், அவளை பாங்காக் வரச் சொல்' என்கிறான். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. சிங்கப்பூரில் பிலிப்பினோக்களோடு வேலை பார்த்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். உண்மையில் எவ்வளவு ஆகும்? எங்கே ஏமாறுவேன்? ஒரு மோதிரம் எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறேன், சரியா?

ஆர்., திருப்பூர்


அன்புள்ள ஆர்.,

போகலாமா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. அந்த முடிவை எடுத்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் அதற்குள் நான் நுழையவில்லை.

முதல் நண்பர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. 2024 மார்ச்சில் பிலிப்பைன்ஸின் டார்லாக் மாகாணத்தில் பாம்பான் என்ற ஊரில் ஒரு பெரிய வளாகத்தைப் போலீஸ் சோதனையிட்டது. நூற்றுக்கணக்கான ஆட்களை உள்ளே உட்காரவைத்து, காதல் பேசிப் பணம் கறக்கும் வேலை நடந்திருந்தது. அந்த ஜூலையிலேயே அதிபர் மார்கோஸ் இந்த மாதிரி ஆட்களுக்குப் போர்வையாக இருந்த ஆன்லைன் சூதாட்டக் கம்பெனிகள் அனைத்துக்கும் தடை என்று அறிவித்தார். நம் ஊரில் நடப்பது வேறு ரகம். 'உன்னைப் பார்க்க வந்தேன், டெல்லி ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் பிடித்துவிட்டார்கள்' என்று அழுகை. அடுத்த நிமிடம் 'அதிகாரி' ஒருவர் லைனில் வந்து அபராதம் கட்டச் சொல்வார். அப்படி ஒரு போன் வந்தால் பேச்சை வளர்க்காமல் 1930-க்கு அடியுங்கள். சைபர் குற்றங்களுக்கான எண் அது.

நீங்கள் சொல்லும் அடையாளங்களில் அந்த வாடை இல்லை. இவ்வளவு காலம் தினமும் முகம் பார்த்துப் பேசி, பையனையும் காட்டி, மொத்தமாக 12,000 ரூபாய் வாங்குவது மோசடிக்காரனுக்குக் கட்டுப்படியாகாத தொழில். ஆனால் ஆள் நிஜம் என்பதும் உறவு நிஜம் என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்கு விடை போனிலேயே கிடைத்துவிடும். இரண்டாவதற்குத்தான் டிக்கெட் எடுக்கிறீர்கள்.

பாங்காக் யோசனையை விட்டுவிடுங்கள். பிலிப்பினோக்களுக்குத் தாய்லாந்து போக விசா தேவையில்லை, உண்மைதான். சிக்கல் அவர்கள் நாட்டை விட்டுப் புறப்படும் கவுண்டரில் இருக்கிறது. ஆள் கடத்தலைத் தடுக்க வேண்டும் என்பதால், தனியாகப் போகும் பெண்ணை அங்கே இமிக்ரேஷனில் குடைந்து குடைந்து கேட்பார்கள். செலவு யாருடையது, அவரை எப்படித் தெரியும், நேரில் பார்த்திருக்கிறாயா? 'ஆன்லைனில் பழக்கம், டிக்கெட் அவர் எடுத்துத் தந்தார்' என்று உண்மையைச் சொன்னால் விமானத்தில் ஏற விடாமல் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். 'ஆஃப்லோட்' என்பார்கள், அங்கே எல்லோருக்கும் தெரிந்த சொல். டிக்கெட் பணம் போகும், கூடவே அவருடைய மானமும் போகும். முதல் முறை நீங்கள் போவதுதான் முறை.

2025 ஜூனிலிருந்து இந்தியர்களுக்குச் சுற்றுலாவாக 14 நாள் வரை விசா வேண்டாம். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று இவை கையில் இருக்க வேண்டும். ஹோட்டல் பதிவை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'அவங்க வீட்லயே தங்கிக்கலாம்' என்று போய் கவுண்டரில் முழித்தவர்கள் உண்டு. வீட்டில் தங்குவது வேறு வகையிலும் தப்பு, பின்னால் சொல்கிறேன். இ-டிராவல் என்ற பதிவை அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் செய்ய வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி. எதற்கு வந்தாய் என்று கேட்டால் தோழியைப் பார்க்க என்று சொல்லுங்கள். பொய் சொல்லி அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. இந்த 14 நாளை நீட்டிக்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

மணிலாவுக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு வசதி கோவையிலிருந்து சிங்கப்பூர் மாறி, போஹோலுக்குப் பக்கத்தில் இருக்கும் செபு போவது. நாளைப் பொறுத்துப் போக வர நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்தாயிரம் ஆகலாம். ஒரே டிக்கெட்டாக எடுங்கள். ஐயாயிரம் மிச்சம் என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால், சிங்கப்பூரில் பெட்டியை வாங்கி மறுபடி போடுவதற்கு வெளியே வர வேண்டும், அதற்கு விசா வேண்டும். செபு விமான நிலையம் மக்தான் என்ற தனித் தீவில் இருக்கிறது. போஹோலுக்குப் படகு ஏறும் துறை செபு நகரத்தில். நடுவில் பாலம், பாலத்தில் டிராஃபிக். மாலையில் இறங்கினால் போஹோலின் தலைநகரான தக்பிலாரன் போகும் கடைசிப் படகைத் தவறவிட்டு செபுவில் ஒரு ராத்திரி தங்க வேண்டிவரும். அந்த வாடகையை இப்போதே கணக்கில் சேருங்கள். படகுப் பயணம் இரண்டு மணி நேரம். புயல் எச்சரிக்கைக் கொடி ஏறிவிட்டால் கடலோரக் காவல் படை எந்தப் படகையும் விடாது. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம் என்பார்கள். ஆனால் போஹோலைப் புரட்டிப்போட்ட ஒடெட் புயல் வந்தது 2021 டிசம்பர் நடுவில். திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே செபுவுக்கு வந்துவிடுவது நல்லது.

பணம். ரூபாய் நோட்டை அங்கே யாரும் சீந்தமாட்டார்கள். டாலராகக் கொஞ்சம், மீதி கார்டு. ஒரு பெசோ ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். நம் வங்கிகளின் ஃபாரெக்ஸ் கார்டுகளில் பெரும்பாலும் பெசோ இருக்காது. டாலரில் ஏற்றி அங்கே பெசோவாக எடுக்கும்போது ஒரு முறை அறுப்பார்கள். சாதா கிரெடிட் கார்டு என்றால் மூன்றரை சதவிகிதம் வரை கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டு போட்டால் ஒவ்வொரு தடவைக்கும் 250 பெசோ அளவில் தனியாகப் பிடிப்பார்கள், ஆகவே ஆயிரம் ஆயிரமாக எடுக்காதீர்கள். கடைசியில் ஒரு திரை வரும்: 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா?' பாசமாகத்தான் கேட்கும். வேண்டாம் என்று அழுத்திவிடுங்கள், அவர்கள் போடும் ரேட் எப்போதும் அவர்களுக்குச் சாதகமானது.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தச் சுற்றுலாப் பயணிக்கும் ஆகும் செலவு. உங்களுக்கென்று தனிச் செலவுகள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு கப்பல் இன்ஜினியர் இப்படித்தான் செபுவுக்குப் போனார். ஒரு மாலில் முதல் சந்திப்பு. அந்தப் பெண் ஒரு சித்தி, தங்கை, சித்தியின் மகள், இரண்டு சின்னப் பிள்ளைகள் சகிதம் வந்தார். எல்லோரும் ஒரு கோழிக்கடையில் உட்கார்ந்தார்கள். பொரித்த கோழி, சோறு, பிள்ளைகளுக்கு இனிப்பாக ஒரு ஸ்பகெட்டி. பில் இவர் பக்கம் நகர்ந்தது. அன்று ராத்திரி எனக்கு மெசேஜ்: 'குடும்பத்தோட வந்து மொட்டை அடிக்கறாங்க.' அவர் அப்போது பொருட்படுத்தாமல் விட்டது, சித்தி கோழியைத் தொடவே இல்லை என்பதை. பிறகு அந்த இன்ஜினியரே என்னிடம் சொன்னது இது. சித்தி வந்தது சாப்பிட இல்லை, ஆளை எடைபோட. கோயிலுக்குப் போவாயா, சம்பளம் என்ன, முதல் மனைவி எங்கே என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நம் பெண் பார்க்கும் படலத்தில் மாமா உட்கார்ந்து கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அழைத்தவர் பில் கட்டுவது அங்கே வழக்கம். ஐந்தாறு பேருக்குச் சாப்பாடு என்று பட்ஜெட் போட்டுக்கொண்டு போங்கள், உறுத்தாது.

பெண் வீட்டார் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு ஆண்களுக்குப் பெண்களை ஏற்பாடு செய்து தரும் தொழிலைத் தடுக்க அந்த நாட்டில் 1990-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். 2016-ல் அதைக் கடுமையாக்கி மறுபடி போட்டார்கள். நீங்கள் அவரைச் சந்தேகிப்பதைப் போல அவர் ஊரே உங்களைச் சந்தேகிக்கும்.

அவருக்கு ஆகும் செலவும் உண்டு, அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அந்தப் பக்கத்தில் கடைச் சிப்பந்திக்குக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 500 பெசோவை ஒட்டித்தான். ஒப்பந்த வேலையென்றால் லீவு போட்ட நாளுக்குச் சம்பளமே கிடையாது. நீங்கள் ஒரு வாரம் கூடவே இருக்கச் சொன்னால் அந்த மாத வீட்டு வாடகையில் அது இடிக்கும். அதனால் ஒன்பது நாள் பயணம் என்றால் நாலு நாள் மட்டும் அவருடையது என்று வையுங்கள். அவருடைய வார விடுமுறை அதில் வருகிற மாதிரி பாருங்கள். மற்ற நாட்களில் நீங்கள் பாட்டுக்கு சாக்லேட் ஹில்ஸ் பாருங்கள், பங்லாவ் தீவில் கடலில் குளியுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரிக்கு வருகிறேன். 'கணவரைப் பிரிந்து ஆறு வருடம்.' பிலிப்பைன்ஸில் விவாகரத்து கிடையாது. வத்திக்கானை விட்டால் உலகில் இப்படி இருக்கும் ஒரே நாடு அதுதான். முஸ்லிம்களுக்கு மட்டும் தனிச் சட்டம். 2024 மே மாதம் கீழவையில் ஒரு மசோதா நிறைவேறியது, செனட்டில் நின்றுபோனது. திருமணமே செல்லாது என்று கோர்ட்டில் நிரூபித்து ரத்து வாங்கலாம். அதற்கு வருடக்கணக்கில் காலமும் லட்சக்கணக்கில் பெசோவும் ஆகும், சாதாரணக் குடும்பங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. ஆக, 'பிரிந்துவிட்டேன்' என்று அவர் சொல்வது சத்தியமாக இருந்தாலும், சட்டப்படி அவர் இன்னொருவர் மனைவியாகவே இருக்கலாம்.

இது வெறும் காகிதப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். அந்த நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 333-வது பிரிவுப்படி, மணமான பெண் வேறொருவரோடு உறவுகொள்வது குற்றம். மணமானவர் என்று தெரிந்தே உறவுகொண்ட ஆணும் குற்றவாளி. ஆறு வருடம் வரை சிறை. புகார் கொடுக்க வேண்டியவர் கணவர். ஆறு வருடம் எட்டிப் பார்க்காத கணவர், வீட்டில் வெளிநாட்டுக்காரர் தங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் போலீசோடு வந்து நின்றால் பேரம் எந்த விலையில் ஆரம்பிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் தங்க வேண்டாம் என்றது இதற்காக. ஊருக்குள் ஒரு பென்ஷன் ஹவுஸ் பார்த்துத் தனி அறை எடுங்கள். நம் லாட்ஜ் போலத்தான், மலிவு.

புறப்படும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். திருமணப் பதிவு விவரத்தை அங்கே பி.எஸ்.ஏ. என்ற அரசு அலுவலகம் தருகிறது, ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். மணமாகாதவர் என்றால் அப்படிச் சான்று வரும், ஆனவர் என்றால் யாரோடு எப்போது என்று வரும். 'உன் காகிதத்தைக் காட்டு' என்று ஆரம்பித்தால் எந்தப் பெண்ணுக்கும் கோபம் வரும். முதலில் உங்கள் விவாகரத்துத் தீர்ப்பின் நகலை அனுப்புங்கள். அவருக்கும் அது தெரிய வேண்டிய விஷயம்தானே.

இனி இரண்டு லட்சம். நான் பயப்படுவது இந்தத் தொகைக்குத்தான், அது போய்விடும் என்பதால் மட்டுமில்லை. சேர்த்ததை மொத்தமாகக் கொட்டிப் போகிறவனுக்கு வெறுங்கையோடு திரும்ப மனசு வராது. நேரில் பார்த்த இரண்டாம் நாளே 'இது சரிவராது' என்று தோன்றினாலும், இவ்வளவு செலவு பண்ணிவிட்டோமே என்று அந்தத் தோன்றலை அமுக்கிவிடுவான். கேட்காமலே வாக்குக் கொடுப்பான், வீட்டுக்குக் கூரை போட்டுத் தருகிறேன் என்பான். மறுபக்கமும் இப்படித்தான். 'எனக்காக இவ்வளவு தூரம் வந்தார்' என்று ஊரே சொல்லும்போது அந்தப் பெண்ணால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒரு கல்யாணத்தை ஒரு விமான டிக்கெட் நடத்திவைத்துவிடும். நான் பார்த்த சேதங்களில் மோசடியைவிட இந்த வகைதான் அதிகம். எனவே மொத்தச் செலவை ஒன்றே கால் லட்சத்துக்குள் அடக்குங்கள், பயணக் காப்பீடு உள்பட. மீதியை எடுக்க முடியாதபடி ஒரு டெபாசிட்டில் போட்டுவிட்டுப் போங்கள்.

அங்கேயே கல்யாணம் முடித்துக்கொண்டு வரலாம் என்று யாராவது ஏற்றிவிட்டால், ஒரு கணக்கு. அங்கே திருமண உரிமத்துக்கு விண்ணப்பித்தால் பத்து நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். அதற்கும் முன் மணிலா இந்தியத் தூதரகத்திலிருந்து நீங்கள் மணமுடிக்கத் தகுதியானவர் என்று சான்று வேண்டும். விசா இல்லாமல் இருக்க முடிவது 14 நாள். 'எனக்கு ஆள் தெரியும், மூன்று நாளில் முடித்துத் தருகிறேன்' என்று அங்கே யாராவது வருவார்கள். அந்தச் சான்றிதழ் பின்னால் எந்த அலுவலகத்திலும் நிற்காது.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். ஆனால் ஃபிராடு என்று திட்டிய நண்பரிடம் பயண விவரம், தங்கும் இடம், அந்தப் பெண்ணின் முகவரி எல்லாவற்றையும் கொடுத்து வையுங்கள். திட்டுகிறவன்தான் போன் வராவிட்டால் தேடுவான்.

மோதிரம் வேண்டாம். வெறுங்கையோடும் போக வேண்டாம், ஊருக்கு வருகிறவர் வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது கொண்டுவருவது அங்கே எழுதாத சட்டம். திருப்பூர்க்காரருக்கு இதில் என்ன கஷ்டம்? பையனுக்கு இரண்டு, பாட்டிக்கு ஒன்று, சித்தி முறையில் வருகிறவர்களுக்கு நாலைந்து என்று நல்ல காட்டன் டி-ஷர்ட்டாக எடுத்துப் போங்கள். அளவை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.